தவசிமுத்து அண்ணாச்சியின் பட்டியல்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாலாம் நாள்
தவசிமுத்து அண்ணாச்சி என் ஜெராக்ஸ் கடைக்கு வருவார்.
எல்.ஐ.சி. பையிலிருந்து ஒரே ஒரு தாள்.
"நாப்பது காப்பி போடும்வே. ஓரம் வெட்டுப்படாம."

நாற்பதும் யார் யாருக்கு என்று எனக்குத் தெரியும்.
மேலப்பாளையத்தில் கறிக்கோழிக் கடை வைத்திருக்கும் பீர்முகமது.
கோர்ட்டில் டவாலி உச்சிமாகாளி
(கோர்ட்டு என்றால் ஜில்லா கோர்ட்டு).
மின்வாரியத்து சங்கரநயினார்.
நான்.
ஒருத்தனும் பந்தைக் கூடையில் போட்டவனில்லை.
சங்கரநயினார் ஒருமுறை போட்டாராம்,
விசில் ஊதின பிறகு.

தாளில் இருபத்தைந்து பெயர்கள்.
வள்ளியூர், சுரண்டை, நாசரேத்து,
பாலிசி விற்கப் போன ஊரிலெல்லாம்
பள்ளிக்கூட மைதானத்து வேலியோரம்
ஸ்கூட்டரை நிறுத்திப் பார்த்து எழுதியது.
உயரம். ஓட்டம். எந்தக் கை.
ஒருவன் பெயருக்கு நேரே: கோபம் வரும்.
இன்னொருவனுக்கு: அப்பா நெட்டை, இன்னும் வளருவான்.

மூன்றாம் எண் நமக்கென்றால்
பீர்முகமது அன்றைக்கு
எடைக்கு மேல் ஒரு துண்டு போடுவான்.
ஏழாம் எண் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டால்
உச்சிமாகாளி தூக்குச்சட்டியைத் திறக்கமாட்டான்.
"அவனுவ ஹாஸ்டல்ல தெனம் ரெண்டு முட்ட குடுக்கானுவ.
நாம என்னத்தக் குடுக்கோம்? கைதட்டு."

முந்தின வருசத்துக்கு முந்தின வருசம்
ஒன்றாம் எண்ணே வந்தான் நமக்கு.
நாசரேத்து டெல்வின். ஆறடி நாலங்குலம்.
முருகன்குறிச்சியில் வெடி போட்டோம்.
எந்தக் கட்சி என்று கேட்டார் போலீஸ்காரர்.
அக்டோபரில் முழங்கால்.
டிசம்பரில் அவன் கேலரியில்
எங்கள் வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்து
கடலை தின்றுகொண்டிருந்தான்,
நாற்பத்தொன்றாவது ஆளாக.
அந்தக் கோப்பையை வாங்கித் தந்தவன்
தாளிலேயே இல்லாத ஒரு பூலாங்குளத்துப் பயல்.
அவன் பேர் எனக்குச் சட்டென்று வரவில்லை.
டெல்வின் பேர் வருகிறது.

ஆனி பிறந்து பந்து உருளத் தொடங்கினால்
தோல்வியும் கூடவே உருண்டு வரும்.
மே மாதத்தில் மட்டும்
எங்கள் கல்லூரி இதுவரை
ஒரு ஆட்டமும் தோற்றதில்லை.

இந்த மே.
முப்பத்தோராவது காப்பி மிஷினில் நகரும்போது
நிலைப்படிக்குக் குனிந்து ஒரு பையன் வந்தான்.
டி.சி., மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ்,
மூணு மூணு.
தட்டில் விழுந்த தாளைத் தலைகீழாகவே வாசித்தான்.
பத்தொன்பதில் விரல் நின்றது.
லிங்கத்துரை, திசையன்விளை. இடது கை உதவாது.

"யாருண்ணே இது போட்டது?"
சொன்னேன்.
"ஒரு மேட்ச்தான் பாத்திருக்காங்க. அன்னைக்கு
இடது மணிக்கட்டுல கட்டு. வலது கையில ஆடுனேன்.
நான் இடது கைக்காரன்."
கோபமே இல்லை.
ரேஷன் கார்டில் தப்பாய் விழுந்த வயதைச்
சொல்லித் திருத்துகிற குரல்.
அந்தத் தாளிலும் ஒன்று கேட்டான்.
ரெண்டு ரூபாயை இடது கையால் வைத்தான்.
வாங்கிக்கொண்டேன்.

மேலுதட்டில் வேர்வை. எந்த பஸ்ஸில் வந்தானோ,
தண்ணீர் வேண்டுமா என்று கேட்டிருக்கலாம்.
நான் கேட்டது:
"எந்தக் காலேஜ் தம்பி?"
"இன்னும் முடிவு பண்ணலண்ணே."
திரும்பக் குனிந்து வெயிலுக்குள் போய்விட்டான்.

ராத்திரி சங்கரநயினாருக்குப் போன் போட்டேன்.
"பத்தொன்பது பீச்சாங்கைக்காரனாம்லா!
பத்தொன்பது வாங்குனது ஆகாத கையிலயாம்."
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.
"அப்பம் அவன் பத்தொன்பது இல்லவே. நாலு."
பிறகு மெதுவாக,
"நமக்கு வருவானா?"

காலையில் அண்ணாச்சி வந்தார்.
வெள்ளை மையால் அழித்து, ஊதி, காயவைத்து,
நாலுக்கு நேரே எழுதினார்.
நாலில் இருந்தவன் அஞ்சானான்.
அவன் எந்த ஊர் என்று
நாங்கள் பார்க்கவில்லை.
மறுபடி நாற்பது காப்பி.
காசு வாங்கவில்லை நான்.